பயனெளிமைச் சோதனை: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘யூசபிலிட்டி டெஸ்டிங்’ எனப்படுவது, ஒரு கருவியையோ இணையதளத்தையோ அதைப் பயன்படுத்த வேண்டியவர் கையில் கொடுத்து, ஒரு வேலையை முடிக்கச் சொல்லி, அவர் எங்கே தயங்குகிறார், எங்கே வழிதவறுகிறார், எங்கே கைவிடுகிறார் என்பதை உடனிருந்து கவனிக்கும் முறையாகும். நான் இங்கே எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழக இணையதளத்தைப் பயன்படுத்த வேண்டியவர்களுள் முதன்மையானவர், இன்னும் அங்கே சேராமல், சேரலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர். இந்த முறையைத் தமிழில் ‘பயனர் சோதனை’ என்றும் ‘பயன்பாட்டுச் சோதனை’ என்றும் ‘பயன்படுதன்மைச் சோதனை’ என்றும் பலவாறு எழுதலாம். மூன்றும் பொருளோடு முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

முதலில் ‘டெஸ்ட்’. இலத்தீனில் ‘டெஸ்டும்’ என்பது மண்கலம். பொன், வெள்ளி ஆகியவற்றின் மாற்றை அறிய உலோகத்தை உருக்கிய கலத்துக்கே ஆங்கிலத்தில் முதலில் இந்தப் பெயர் வழங்கியது. பின்னர் அது அந்தச் செயலுக்கு ஆகிவந்தது. நம் ‘சோதனை’யின் மூலமான வடமொழிச் சொல்லுக்கும் தூய்மையாக்குதல், உலோகத்தின் கசடு நீக்குதல் என்பவையே பொருள். இரண்டு மொழிகளின் சொற்களும் ஒரே உலைக்களத்திலிருந்து வந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. உலையில் வைக்கப்படுவது உலோகம். இங்கே அந்த உலோகம் இணையதளம், மாணவர் அல்லர். ‘பயனர் சோதனை’ என்ற தொடரோ பயனரையே உலையில் வைத்துவிடுகிறது.

‘யூசபிலிட்டி’ பயன்படுத்துதல் என்னும் பொருளுடைய ‘ஊசுஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 1998-இல் வெளியாகி 2018-இல் திருத்தப்பட்ட, பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 9241 தரநிலையின் 11-ஆம் பகுதி இதை வரையறுக்கிறது: குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட சூழலில், தாம் எண்ணிய வேலையை எந்த அளவுக்குச் சரியாக, வீண் உழைப்பின்றி, மனநிறைவோடு முடிக்க முடிகிறது என்பதே அதன் சாரம். ‘குறிப்பிட்ட பயனர்கள்’ என்ற சொற்களைத்தான் நாம் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக ஊழியருக்கு எளிதாக இருக்கும் தளம், அதன் வாசலில் நிற்கும் மாணவருக்கும் எளிதாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

‘பயன்பாடு’ இன்று கைப்பேசிச் செயலியையும் குறிப்பதால் மயக்கம் தரும். ‘பயன்படுதன்மை’யில் உள்ள குறை இன்னும் நுட்பமானது. ‘இது எனக்குப் பயன்படும்’ என்றால் இதனால் எனக்கு நன்மை உண்டு என்றுதான் தமிழர் கொள்வர். கையாள எளிது என்று கொள்ளமாட்டார். பல்கலைக்கழகத் தளங்களின் நோயோ இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில்தான் இருக்கிறது. கட்டணம், தகுதி, கடைசி நாள், விடுதி என எல்லாத் தகவலும் அங்கே உண்டு. ஆகவே தளம் பயன்படும். ஆனால் அவை 60 பக்கப் பி.டி.எஃப். கோப்பொன்றின் நடுவில் இருந்தால் எடுப்பது எளிதன்று. இந்த வேறுபாட்டைக் காட்டுவதால் ‘பயனெளிமை’ என்பதையே நான் தேர்ந்தெடுக்கிறேன். எளிமை என்பது வறுமையையும் ஆடம்பரமின்மையையும் குறிக்குமே என்று கேட்கலாம். ‘பயன்’ முன்னே நிற்கையில் ‘எளிதில்’ என்ற பொருளே மேலோங்குகிறது.

பிளஸ் டூ முடிவு வந்த ஒரு மே மாதத்தில், உறவுக்காரப் பெண் ஒருத்தியின் அருகில் அமர்ந்து இதைக் கண்ணால் கண்டேன். அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். கேட்டுத் தெளிய வேறு ஆள் இல்லை. பி.எஸ்சி. புள்ளியியல் உண்டா, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளோடு ஒரு பல்கலைக்கழகத் தளத்தைக் கைப்பேசியில் திறந்தாள். ‘அகாடமிக்ஸ்’ என்பதை அழுத்தினாள். ‘ஃபேக்கல்டி’, ‘ஸ்கூல்ஸ்’, ‘சென்டர்ஸ்’ என்று வந்தது. ‘ஸ்கூல்’ என்றால் பள்ளிக்கூடம் என்றெண்ணி அதைத் தாண்டிச் சென்றாள். அவள் தேடிய துறை அதற்குள்தான் இருந்தது. சிறிது நேரம் தேடிவிட்டு, “நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன் போல” என்று கைப்பேசியைக் கவிழ்த்துவைத்தாள். தளத்தின் குறையைத் தன் குறையாக அவள் ஏற்றுக்கொண்டதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

‘பிராஸ்பெக்டிவ் ஸ்டூடன்ட்’ என்பதற்கு ‘வருங்கால மாணவர்’ என்பதைவிடச் ‘சேர விரும்பும் மாணவர்’ என்பது நேர்மையானது. அவர் வருவார் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. உறுப்புக் கல்லூரிக்கும் இணைப்புக் கல்லூரிக்கும் உள்ள வேறுபாடு, யூ.ஜி. (இளநிலைப் படிப்பு), சி.பி.சி.எஸ். (விருப்பப் பாடங்களைத் தேர்ந்து படிக்கும் முறை) போன்ற சுருக்கங்கள் எல்லாம் உள்ளே இருப்பவர் பேச்சு. அது பழகாத ஒருவரை வைத்துப் பார்த்தால்தான் எந்தச் சொல் கதவாகிறது, எது சுவராகிறது என்பது புலப்படும். வல்லுநர்கள் விதிகளை வைத்துத் தளத்தை அலசுவது வேறு முறை. அது மதிப்பீடு எனப்படும்.

சோதனையின்போது மனத்தில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே செய்யுமாறு மாணவரைக் கேட்பார்கள். 1982-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கிளேட்டன் லூயிஸ் இடைமுக வடிவமைப்புக்கு, அதாவது கருவியோடு மனிதர் ஊடாடும் பகுதியை வடிவமைக்கும் பணிக்கு, கொண்டுவந்த ‘திங்கிங் அலவுட்’ முறை இது. ‘உரத்த சிந்தனை’ என்று பெயர்த்தால் குரல் உயர்த்துவதுபோல் ஆகிவிடும். வாய்விட்டுப் படித்தல், வாய்விட்டு அழுதல் என்ற வழக்குகளோடு ‘வாய்விட்டு நினைத்தல்’ இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. இதற்குப் பெருங்கூட்டமும் தேவையில்லை. ஒருவர் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்களை வெளிக்கொணர்வார் என்ற கணக்கின்படி, 5 பேர் ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் காட்டிவிடுவர் என்பது இத்துறை ஆய்வாளர்களான யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வகுத்த கணிப்பு. தமிழ்வழியில் படித்தவர், ஆங்கிலவழியில் படித்தவர், பிள்ளைக்காகத் தேடும் பெற்றோர் என்று வகை மாறும்போது அவ்வவ் வகைக்குத் தனித்தனியே ஆள் வேண்டும்.

கட்டுரைக்கும் அறிக்கைக்கும் ‘பயனெளிமைச் சோதனை’ போதும். மாணவரை அழைக்கும் கடிதத்தில் மட்டும் ‘சோதனை’யை நான் தவிர்ப்பேன், பொதுத்தேர்வை இப்போதுதான் எழுதி முடித்த பிள்ளைக்கு அது இன்னொரு பரீட்சையாகவே கேட்கும். தமிழ் இலக்கணமே நமக்கு ஒரு துணைவினையை ஆக்கித் தந்திருக்கிறது: உண்டுபார், ஓட்டிப்பார், செய்துபார். “எங்கள் தளத்தைப் பயன்படுத்திப் பாருங்கள், எங்கே தடுக்கிறது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று எழுதினால், யார் எதைச் செய்கிறார் என்பது அவருக்கு விளங்கிவிடும்.