எடிட்டர் பார்க்காத புத்தகம்

பால் மெக்கார்ட்னி 1966லேயே கார் விபத்தில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருடைய பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸில் பாடியது அவரைப் போலவே இருந்த இன்னொருவர். ராக் இசை உலகில் இந்த அளவுக்குப் பேசப்பட்ட சதிக்கதைகள் குறைவு. அதைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, மதுரை தமுக்கம் மைதானத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில் தேடிப்போய் வாங்கினேன். நல்ல விஷயம், உழைத்துத் திரட்டிய தகவல்கள், கண்ணுக்கு லட்சணமான அட்டை. படித்து முடித்தபோது மனசு விட்டுப்போனது. அச்சுக்குப் போகும் முன் எடிட்டர் என்று ஒருவர் உட்கார்ந்து அந்தப் பிரதியைப் படிக்கவே இல்லை.

பிழை திருத்துவதும் எடிட் செய்வதும் என் தொழில். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சின்னப் பதிப்பகங்கள், சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்கள், ஊர் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆய்வேட்டைப் புத்தகமாக்க நினைக்கும் மாணவர்கள் என்று பலரும் என்னிடம் வருகிறார்கள். நான் வாங்கிய புத்தகத்தின் பெயரையோ பதிப்பகத்தின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. இன்று நிறையப் புத்தகங்கள் இப்படித்தான் வருகின்றன. இந்தப் புத்தகத்தில் அதன் விளைவு கூடுதலாகத் தெரிகிறது, ஏனென்றால் இது சொல்லும் கதை முழுக்க எழுத்தையும் எண்ணையும் பிடித்துக்கொண்டு நிற்கிற கதை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969 செப்டம்பர் 17ஆம் தேதி, அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் உள்ள டிரேக் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் பால் இறந்துவிட்டாரா என்று கேட்டு ஒரு கட்டுரை வந்தது. அக்டோபர் 12ஆம் தேதி டெட்ராய்ட் வானொலி நிலையம் ஒன்றுக்கு ஒருவர் போன் செய்து, பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன் 9' ஒலிப்பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள், பால் இறந்ததற்குக் குறிப்பு கேட்கும் என்றார். இரண்டு நாள் கழித்து, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் ஃப்ரெட் லபோர், 'ஆபி ரோடு' இசைத்தட்டுக்கு விமர்சனம் எழுத வேண்டிய இடத்தில் பாலின் மரணச் செய்தியை எழுதினார். அதோடு தீ பற்றிக்கொண்டது. இசைத்தட்டு உறைகளை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து 'தடயம்' கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். நவம்பர் 7 தேதியிட்ட 'லைஃப்' பத்திரிகை, ஸ்காட்லாந்துப் பண்ணையில் இருந்த பாலைக் குடும்பத்தோடு அட்டையில் போட்டது. அப்புறமும் பேச்சு அடங்கவில்லை.

இறந்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற பேச்சு நம் பக்கத்துக்குப் புதிதில்லை. நேதாஜி சாகவில்லை என்று முத்துராமலிங்கத் தேவர் சொன்னதை இங்கே தலைமுறை தலைமுறையாகப் பேசியிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று நம்புவது அதற்கு நேரெதிர். ஒரு சமூகம் ஏன் இப்படி நம்புகிறது என்று யோசிக்க நல்ல இடம் என்றுதான் அந்தப் புத்தகத்தை அவ்வளவு ஆவலாக எடுத்தேன்.

முதலில் படம். 1969 ஆகஸ்ட் 8 அன்று லண்டனில் ஸ்டுடியோவுக்கு வெளியே எடுத்த 'ஆபி ரோடு' அட்டைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் வரிசையாகச் சாலையைக் கடக்கிறார்கள். வெள்ளை உடையில் ஜான், கறுப்பு உடையில் ரிங்கோ, டெனிமில் ஜார்ஜ், செருப்பில்லாத காலோடு பால். அதை ஒரு சவ ஊர்வலம் என்றார்கள். பால் இடக்கைக்காரர், படத்திலோ சிகரெட் வலது கையில் இருக்கிறது, ஆகவே இவர் பால் இல்லை என்பது வாதம். இந்தப் புத்தகத்தில் அந்தப் படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறது. போஸ்டர் அடிக்கும்போது தலைவர் முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் படத்தைத் திருப்பிவிடுவது டி.டி.பி. சென்டர்களில் சகஜம். அதே கை இங்கேயும் வேலை செய்திருக்கிறது. இப்போது சிகரெட் இடது கையில். படத்துக்குக் கீழே, 'வலது கையில் உள்ள சிகரெட்டைக் கவனியுங்கள்' என்று ஒரு வரி. வாசகர் கவனித்தால் ஆசிரியர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைப்பார்.

அதே படத்தில் பின்னால் ஒரு வெள்ளை ஃபோக்ஸ்வேகன் நிற்கிறது. அதன் எண் எல்.எம்.டபிள்யூ. 281எஃப். இந்த 281எஃப் என்பதில் வரும் ஒன்றை ஆங்கில 'ஐ' என்று வைத்துக்கொண்டு, '28 இஃப்', அதாவது உயிரோடு இருந்திருந்தால் 28 வயது என்று படித்தார்கள். வதந்தி எப்படி வளர்கிறது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஓர் எண்ணை எழுத்தாகப் படிக்க மனசு தயாராக இருந்தால் போதும். புத்தகத்திலோ காரின் எண்ணே '28ஐஎஃப்' என்று அச்சாகியிருக்கிறது! தடயத்தை ஆராய வந்த புத்தகம், அறியாமலே தடயத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டது. இனி இதைப் படிக்கும் ஒரு கல்லூரி மாணவர், அந்தக் காரில் உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது என்று நாலு பேரிடம் சொல்வார்.

வயதுக் கணக்கிலும் அப்படித்தான். பால் பிறந்தது 1942 ஜூன் 18. 'ஆபி ரோடு' வெளிவந்த 1969 செப்டம்பரில் அவருக்கு 27 வயதுதான். கணக்கு உதைக்கிறதே என்று கேட்டவர்களிடம், கீழை நாட்டு முறைப்படி வயதை எண்ண வேண்டும் என்று சமாளித்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் '27 முடிஞ்சு 28 நடக்குது' என்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. தமிழில் எழுதுகிறவர் நின்று நாலு வரி பேசியிருக்க வேண்டிய இடம் இது. அந்த அத்தியாயத்தில் பிறந்த ஆண்டு 1942 என்றும், மூன்று பக்கம் தள்ளி 1924 என்றும் இருக்கிறது. எந்த வயதை வைத்து வாசகர் கணக்குப் போடுவார்?

என்னை அதிகம் உறுத்தியது ஒரு பேட்ஜ் விவகாரம். 1967இல் வந்த 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தட்டின் உள்படத்தில் பாலின் சட்டைக் கையில் ஓ.பி.பி. என்று ஒரு பேட்ஜ் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் போலீஸ் அடையாளம். துணி மடிப்பில் கடைசி எழுத்து 'டி' போலத் தெரிந்ததால் அதை ஓ.பி.டி. என்று படித்து, 'இறந்ததாக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டவர்' என்று விரித்தார்கள். ஒரே ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்ததில் ஒரு சாவு உறுதியானது. இந்தப் புத்தகத்தில் அந்த வாக்கியம் இப்படி இருக்கிறது: 'ஓ.பி.பி. என்பதை ரசிகர்கள் ஓ.பி.பி. என்று தவறாகப் படித்தனர்.' யாரோ ஒருவர் அர்த்தம் பார்க்காமல் இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கியிருக்கிறார்.

தேதியும் தப்பவில்லை. விபத்து நடந்ததாகக் கதை சொல்லும் நாள் 1966 நவம்பர் 9. 'சார்ஜண்ட் பெப்பர்' அட்டையில் உள்ள முரசின் எழுத்துகளுக்கு நடுவே கண்ணாடியைக் குறுக்கே வைத்தால் 11, 9 என்ற எண்களும் 'அவன் சாவு' என்று பொருள்படும் சொற்களும் தெரிவதாகச் சொன்னார்கள். மாதத்தை முதலில் எழுதுவது அமெரிக்க வழக்கம். பிரிட்டிஷ்காரர்களுக்கு அது, நம்மைப் போலவே, செப்டம்பர் 11. பிரிட்டிஷ் குழு ஏன் அமெரிக்க முறையில் தேதியை ஒளித்துவைக்க வேண்டும் என்ற கேள்வி ஒன்றே இந்தத் தடயத்தை ஆட்டங்காண வைக்கும். இந்தப் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் நவம்பர் 9, முரசைப் பற்றிய அத்தியாயத்தில் செப்டம்பர் 11. இரண்டுமே விபத்து நாள். அந்த நவம்பரில் பால் பிரான்ஸ், கென்யா என்று விடுமுறைப் பயணத்தில் இருந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இனி ஒரு தொழில் விஷயம். ஆசிரியர் முதலில் 'பால்' என்று எழுதிவிட்டு, பிறகு 'பவுல்' என்று மாற்றலாம் என முடிவெடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் மொத்தமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்திருக்கிறார்கள். விளைவு, ஜானும் பாலும் 'பவுல்ய நண்பர்கள்' ஆகிவிட்டார்கள். 'அதற்கு அப்பால்' என்பது 'அதற்கு அப்பவுல்' ஆகிவிட்டது. நான் வேலை செய்யும் இடங்களிலும் டி.டி.பி. செய்யும் தம்பிகள், "அண்ணே, ரீப்ளேஸ் ஆல் குடுத்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும்ணே" என்பார்கள். தமிழில் ஒரு சொல் இன்னொரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றாக நின்று பார்த்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போதும் கவனம் வேண்டும். சௌராஷ்டிர சமூக வரலாறு ஒன்றை எடிட் செய்தபோது, 'சௌராஷ்டிர' என்று தேடினால் பாதி இடங்கள்தான் சிக்கின. மீதி இடங்களில் ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் 'ள' என்ற எழுத்து உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

இதெல்லாம் பிழை திருத்துகிறவர் பிடிக்க வேண்டியவை. எடிட்டரின் வேலை இதற்கு மேலே. "சார், ஒற்று மட்டும் பாத்துக் குடுங்க, போதும்" என்றுதான் பெரும்பாலோர் பிரதியை என்னிடம் நீட்டுகிறார்கள். ஒற்று முக்கியம்தான், ஆனால் அது கடைசி வேலை. முதல் வேலை கேள்வி கேட்பது. பாலுக்குப் பதிலாக வந்த ஆளின் பெயர் ஓர் அத்தியாயத்தில் வில்லியம் கேம்பல், இன்னொன்றில் பில்லி ஷியர்ஸ். இருவரும் ஒருவரா, வேறு வேறா என்று புத்தகம் சொல்லவில்லை. எடிட்டர் ஒருவர் இருந்திருந்தால், பக்க ஓரத்தில் 'இந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது?' என்று எழுதியிருப்பார். ஆசிரியர் தேடிப் போயிருப்பார். வில்லியம் கேம்பல் என்ற பெயரை ஃப்ரெட் லபோர் தன் கட்டுரைக்காகக் கற்பனை செய்தார் என்பதும், தடயங்கள் பலவற்றை அவரே இட்டுக்கட்டினார் என்பதும், அதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார் என்பதும் கிடைத்திருக்கும். புத்தகத்தின் உயிர்நாடியே அதுதான். பத்திரிகையில் விளையாட்டாக எழுதப்பட்ட ஒன்று எப்படிச் செய்தியாகி, செய்தி எப்படி நம்பிக்கையாகிறது என்ற கதை அங்கேதான் இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் லபோருக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு வாக்கியம், அதிலும் அவர் 'ஆராய்ச்சியாளர்'. 1993இல் பால் தன் இசைத்தட்டு ஒன்றின் அட்டைக்காக அதே ஆபி ரோடு சாலையில் நாயோடு நடந்து, காரின் எண்ணை '51 இஸ்', அதாவது 51 வயதில் உயிரோடு இருக்கிறார், என்று மாற்றி இந்த வதந்திக்கே பதில் சொன்னது புத்தகத்தில் எங்குமே இல்லை.

பதிப்பில் தப்பு நேர்வதை ஊர்க் காரியமாக நினைத்தவர்கள் இருந்த ஊர் இது. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர், எதுகை சரியில்லை என்று ஒரு வெள்ளைக்காரர் குறளைத் 'திருத்தி' அச்சிட்ட பிரதிகளை மொத்தமாக விலை கொடுத்து வாங்கி அழித்தார் என்று சொல்வார்கள். அழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் கொஞ்சம் நமக்கும் வேண்டும். பக்கத்திலேயே சிவகாசி இருக்கிறது, அச்சுத் தரத்துக்கு இங்கே யாரும் குறை சொல்ல முடியாது. தாளுக்கும் அட்டை லேமினேஷனுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறார்கள். பிரதியைப் படித்துப் பார்க்க ஓர் ஆளுக்குக் கொடுக்க வேண்டிய தொகையைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிரதியைக் கொடுக்கும்போதே ஒரு தனித் தாளில் ஆள் பெயர், ஊர்ப் பெயர், முக்கியமான தேதிகள் எல்லாவற்றையும் எப்படி எழுதப்போகிறீர்கள் என்று குறித்துக் கொடுங்கள். ஆங்கில மூலத்திலிருந்து தேதி எடுத்தால் மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுங்கள். லேஅவுட் முடிந்த பிறகு படங்களையும் அவற்றின் கீழே உள்ள வரிகளையும் மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள். நீங்களே பிழை பார்த்தால் போதாது. நம் கண் நாம் எழுத நினைத்ததைத்தான் படிக்கும், தாளில் இருப்பதை அல்ல.

வாங்குகிறவர்கள் ஸ்டாலில் நின்றபடியே பார்க்கக்கூடியவை சில உண்டு. முதல் சில பக்கங்களில் எடிட்டர் பெயரோ மெய்ப்புப் பார்த்தவர் பெயரோ இருக்கிறதா? நடுவில் இரண்டு இடங்களைத் திறந்து, ஒரே பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா? படத்துக்கும் கீழே உள்ள வரிக்கும் பொருத்தம் உண்டா? அப்புறம், தப்பு கண்ணில் பட்டால் பக்க எண்ணோடும் வரியோடும் பதிப்பகத்துக்கு எழுதிப் போடுங்கள். இப்போது பலரும் நூறு, இருநூறு பிரதிகள்தான் ஒரு தடவைக்கு அடிக்கிறார்கள். அடுத்த தடவை அடிப்பதற்குள் ஃபைலைத் திருத்த முடியும். ஆயிரம் பிரதி அச்சடித்து அடுக்கிவைத்த காலத்தில் இந்த வசதி இல்லை.

நானும் எழுதிப் போட்டிருக்கிறேன். பதிப்பாளர் கோபப்படவில்லை, போனில் கூப்பிட்டு, "அடுத்த பிரிண்ட்ல சரி பண்ணிருவோம் சார், லிஸ்ட்ட அனுப்புங்க" என்றார். படம், கார் எண், பேட்ஜ், இரண்டு தேதிகள், 'பவுல்' வரும் எல்லா இடங்கள் என்று பட்டியலை அனுப்பிவிட்டேன். அதையெல்லாம் டி.டி.பி.யில் ஒரே நாளில் முடித்துவிடலாம். லபோரைப் பற்றிய அத்தியாயத்தை ஆசிரியர் புதிதாகத்தான் எழுத வேண்டியிருக்கும், அதற்கு ஒரு மாதமாவது ஆகும். எழுதித் தந்தால் படித்துத் தருகிறேன், அதற்கு ஃபீஸ் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.