கீலேட்: தமிழில் கொடுக்கிணைப்பு

கோலாலம்பூரில் அடுக்குமாடி பால்கனியில் மண்ணில்லாமல் கீரை வளர்ப்பவர்களுக்கு, ஏ, பி என்று இரண்டு பாகமாக வந்து நீரில் கலக்கப்படும் ஏபி உரம் பழக்கமான பொருள். அதில் இரும்புச்சத்து பெரும்பாலும் ‘கீலேட்’ வடிவில்தான் சேர்க்கப்படுகிறது. வெறும் இரும்பு உப்பு நீரில் எளிதில் படிந்து வீணாகிவிடும். கீலேட் இரும்பு கரைந்த நிலையிலேயே இருந்து வேருக்குக் கிடைக்கும்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘கேலே’ என்றால் நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் கொடுக்கு. ஒரு மூலக்கூறு ஓர் உலோக அணுவை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் பற்றி வளையமாகப் பிணைத்துக்கொள்வதைக் குறிக்க, மார்கன், ட்ரூ என்ற பிரிட்டன் வேதியியலாளர்கள் 1920இல் இச்சொல்லை முன்மொழிந்தார்கள். தமிழில் இது கொடுக்கிணைப்பு. பற்றிக்கொள்ளும் மூலக்கூறு கொடுக்கிணைப்பி. கொடுக்கு என்றதும் சிலருக்குத் தேள் நினைவுக்கு வரலாம். இருந்தும் இதையே நான் விரும்புகிறேன். நண்டு பிடித்துப் பழகியவருக்கு இச்சொல்லே பாதி விளக்கத்தைக் கொடுத்துவிடுகிறது.

செடிகள் இந்த வேலையைத் தாமாகவே செய்கின்றன. காட்மியம் போன்ற கன உலோகம் செல்லுக்குள் நுழைந்ததும், செல்லில் உள்ள குளூட்டாதயோன் என்ற கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறிலிருந்து சிறு புரதத் துணுக்குகளைச் செடி உருவாக்குகிறது. அவற்றிலுள்ள கந்தகம் உலோகத்தைக் கவ்வுகிறது. பிணைந்த உலோகம் செல்லின் நுண்குமிழ் (வேக்குவோல்) என்ற சேமிப்புப் பைக்குள் அடைக்கப்படுகிறது. 1985இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் இத்துணுக்குகளைக் கண்டறிந்து ‘ஃபைட்டோகீலட்டின்’ என்று பெயரிட்டார்கள். ‘ஃபைட்டோன்’ என்பது கிரேக்கத்தில் செடி. ஆகவே தாவரக் கொடுக்கிணைப்பி என்பது நேரான தமிழ். கந்தகச் சத்து குறைந்த செடிக்கு இந்தப் பாதுகாப்பும் குறைகிறது.

செடிக்குள் உலோகத்தை அடைத்துவைக்க உதவும் இதே கொடுக்கிணைப்பு, மண்ணில் நேர் எதிரான விளைவைத் தரக்கூடும். இடிடிஏ என்ற செயற்கைக் கொடுக்கிணைப்பியை ஈயம் கலந்த மண்ணில் இட்டால், மண்துகளில் ஒட்டியிருந்த ஈயம் கரைந்து செடிக்குள் ஏறுகிறது. கெட்ட மண்ணைச் சுத்தம் செய்ய 1990களில் கடுகுச் செடியைக் கொண்டு ஆராயப்பட்ட வழி இது. அங்கே ஏறுவதுதான் நோக்கம். அந்தச் செடி உணவுக்கு அல்ல. கரைந்த ஈயம் நிலத்தடி நீரில் இறங்கும் ஆபத்தும் உண்டு. மண் நஞ்சை முறிக்கும் என்று நம்பி இதைக் கீரைப் பாத்தியில் ஊற்றுவது மிகத் தவறு.

செடி தாங்குவதும், அதை உண்பது பாதுகாப்பாக இருப்பதும் வேறு வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நெல்லில் காட்மியம் வேர்ச் செல்லின் நுண்குமிழிலேயே அடைபட்டால், அரிசிக்குப் போவது குறைகிறது. அதே அடைப்பு காங்கோங் கீரையின் இலையில் நடந்தால், செடி செழிப்பாக நிற்கும், உலோகமோ நம் தட்டுக்கு வரும். பட்டறையோரச் சாக்கடைக் கரையில் தழைத்து நிற்கும் காங்கோங்கைப் பச்சையை மட்டும் பார்த்து நம்பக்கூடாது. அமில மண்ணில் சுண்ணாம்பு இடுவது பெரும்பாலும் காட்மியம் கரைவதைக் குறைக்கும்; ஆனால் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதை மண் பரிசோதனைதான் காட்டும்.