கோட்டா யாருக்குச் சொந்தம்?

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்றவற்றுக்கு வீரர்கள் தேர்வுப் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும் பெற்றோரிடமிருந்து ஒரே கேள்வி: "கோட்டா வாங்கினது எங்க பிள்ளை, வேற ஒருத்தரை எப்படி சார் அனுப்பறாங்க?" சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

துப்பாக்கி சுடுதல், மல்யுத்தம் போன்றவற்றில் ஒலிம்பிக் கோட்டா, அதாவது போட்டியில் பங்கேற்பதற்கான இடம், பெரும்பாலும் நாட்டுக்கு, வீரருக்கு அல்ல. 2022 கெய்ரோ உலக சாம்பியன்ஷிப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்று இந்தியாவுக்கு பாரிஸ் கோட்டா வாங்கித் தந்தவர் ருத்ராங்க்ஷ் பாட்டீல். அந்தப் பிரிவில் பாரிஸ் போனவர்கள் சந்தீப் சிங்கும் அர்ஜுன் பபூட்டாவும். 2024இல் டெல்லியிலும் போபாலிலும் நடந்த தேர்வுச் சுற்றுகள்தான் அதை முடிவு செய்தன. யாரும் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. தடகளத்தில் தகுதி வீரரின் பெயரிலேயே வரும்; அங்கும் ஒரு பிரிவுக்கு நாட்டுக்கு மூன்று பேர்தான். எதுவானாலும் அந்த விளையாட்டின் தேசிய சம்மேளனம் பரிந்துரைக்க வேண்டும், இந்திய ஒலிம்பிக் சங்கம் என்ட்ரி (பெயர்ப் பதிவு) கொடுக்க வேண்டும். வீரர் நேரடியாக விண்ணப்பிக்க வழியே கிடையாது.

ஆசிய விளையாட்டுக்கு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் வடிகட்டலும் உண்டு. 2023 ஹாங்சூ ஆசிய விளையாட்டுக்கு, அணி விளையாட்டு என்றால் ஆசியத் தரவரிசையில் முதல் எட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள்; பிறகு கால்பந்துக்கு அதைத் தளர்த்தினார்கள்.

இனி உங்கள் கையில் உள்ளவை. வாய்ப்புள்ள எல்லோரையும் சேர்த்த லாங் லிஸ்ட், தேர்வு முடிவதற்கு மாதங்கள் முன்பே போட்டி அமைப்பாளர்களுக்குப் போய்விடும். அதில் இல்லாத பெயரைப் பிறகு நுழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். பாஸ்போர்ட் நகல் கேட்டால் "செலக்ஷன் முடியட்டும் சார்" என்று தள்ளிப்போடாதீர்கள். பாரிஸுக்கு என்ட்ரி 2024 ஜூலை 8இல் மூடியது. அதன்பின் காயம், நோய் போன்ற காரணம் இருந்தால்தான் மாற்று வீரர்.

நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இனிஷியலில். சம்மேளனப் பதிவில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் செல்வம்', சான்றிதழில் 'கார்த்திக் எஸ்'. ஒலிம்பிக் அடையாள அட்டை பாஸ்போர்ட்டோடு சேர்ந்துதான் நுழைவு அனுமதி. எனவே எல்லாப் பதிவும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். விவரம் கொடுத்தபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், அன்றே தெரிவியுங்கள்.

ஊக்கமருந்துப் பரிசோதனைக்கான பதிவுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பீர்கள் என்பதை நீங்களே பதிவு செய்யுங்கள், பயிற்சியாளரிடம் விட்டுவிடாதீர்கள். 12 மாதத்தில் இந்த இருப்பிட விவரத்தில் மூன்று தவறு நேர்ந்தால், மருந்தே தொடாதவருக்கும் தடை வரும். ஹாங்சூவில் கிடைத்த பெண்கள் 57 கிலோ குத்துச்சண்டை பாரிஸ் கோட்டாவை இந்தியா இழந்தது இப்படித்தான். மறுபடி தகுதிச் சுற்றில் ஆடித்தான் அந்த இடத்தை மீட்க வேண்டியிருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது, பஸ் ஏறுவதற்கு முன் அந்தப் பதிவில் முகவரியை மாற்றிவிடுங்கள்.