சுழற்றினால் பாசி பிரியும், நஞ்சு பிரியாது

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார். "தம்பி, பால் பண்ணை ஒண்ணை மூடிட்டாங்க. கிரீம் பிரிக்கிற மெஷின் மலிவா கிடைச்சுது. நம்ம குட்டையில தண்ணி பச்சையா நிக்குதே, இதுல விட்டுச் சுத்தினா பாசி தனியா தண்ணி தனியா வந்துடும்ல? தண்ணியை ஆட்டுக்கு வைக்கலாம், பாசியைக் காயவச்சுக் கோழிக்குப் போடலாம்."

டர்பனில் ஒரு ஆய்வகத்தில் குட்டை, அணைத் தண்ணீரைச் சுழற்றிப் பிரிப்பதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. "மெஷின் ஓடும் அண்ணே. ஆனா ஆட்டுக்கு வைக்காதீங்க" என்றேன். காரணத்தைப் போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

முதலில், அவர் யோசனை தப்பில்லை. ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் டி லவால் 1878-இல் பாலுக்காகச் செய்த அந்த இயந்திரத்தின் வழிவந்தவைதான் இன்று பாசிப் பண்ணைகளில் ஓடும் பெரிய சென்ட்ரிஃபியூஜ்கள், அதாவது சுழற்றிப் பிரிக்கும் மெஷின்கள். குளோரெல்லா போன்ற பச்சைப் பாசியின் ஒரு செல், சுமார் 5 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். அசையாத தண்ணீரில் அது ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கினால் அதிகம். ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பாதி அழுகிவிடும். சுழற்றும்போது அதன் எடையை நாம் ஆயிரம் மடங்காக்குகிறோம். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 3000 சுற்று: அவ்வளவுதான் கணக்கு. வேகத்தை 6000 ஆக்கினால் விசை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ரோட்டாரில், அதாவது உள்ளே சுழலும் பாகத்தில், எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டி ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

ஆயிரம் மடங்கு என்பது பாசிக்கு மட்டும் இல்லை. எங்கள் ஆய்வக மெஷினில் தண்ணீரைக் குழாய்களில் ஊற்றி எதிரெதிரே வைப்போம்; அவற்றில் 1 கிராம் வித்தியாசம் இருந்தால், ரோட்டாருக்கு அது 1 கிலோ. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கண்ணளவில் ஊற்றி வைத்துவிட்டான். மெஷின் மேசையில் நடக்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து எங்கள் தராசு மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த 2023-இல் இன்னொரு பாடம்: கரன்ட் போனாலும் ரோட்டார் உடனே நிற்காது. மூடி பூட்டிக்கொண்டதே என்று ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருங்கள், அப்புறம் இன்னும் சில நிமிடம். உள்ளே பனிபோல நிற்கும் துளிகளை மூச்சில் இழுக்க வேண்டாம்.

சரி, கிடைப்பது எவ்வளவு? திறந்த குட்டையில் நன்றாகவே வளர்த்தாலும் லிட்டருக்கு அரை கிராம் பாசி இருக்கும். 1000 லிட்டரைச் சுழற்றினால் காய்ந்த கணக்கில் அரை கிலோ. வெளியே வரும் பச்சை விழுதிலும் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். மின்சாரச் செலவைப் பார்த்தால் கட்டாது. அதனால் தொழில் தெரிந்தவர்கள் முதலில் பாசியைத் திரட்டி அடியில் தங்க வைத்து, அந்தக் கலங்கலை மட்டும் சுழற்றுவார்கள். தேற்றாங்கொட்டையை உரைத்துத் தண்ணீர் தெளிய வைத்தது நம் ஊர்ப் பழக்கம். முருங்கை விதையும் அதே வேலையைச் செய்யும். டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் முருங்கை இல்லாத கொல்லை எத்தனை இருக்கிறது! சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்ப்பவர்களுக்கோ மெஷினே தேவையில்லை. அது நீளமான இழை, நெருக்கமான துணியிலேயே வடிந்துவிடும். வேகமாகச் சுழற்றினால் இழை உடைந்து நீலச் சாயம் தண்ணீரோடு போய்விடும்.

இனி ஆட்டு விஷயம். குட்டையில் தானாக வந்த பச்சை எல்லாம் பாசி இல்லை. வெயில் நாளில் பெயின்ட் கொட்டியதுபோல மேலே படர்வது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்லும் பாக்டீரியா. ஹார்ட்பீஸ்போர்ட் அணையை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சையும் நாற்றமும் மறக்காது. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம் ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது. உயிரோடு இருக்கும்வரை நஞ்சில் பெரும்பகுதி செல்லுக்குள் இருக்கும். செல் செத்தாலோ உடைந்தாலோ தண்ணீரில் கரைந்துவிடும். கரைந்ததை எந்தச் சென்ட்ரிஃபியூஜாலும் பிரிக்க முடியாது. பளிங்குபோலத் தெளிந்து வரும் தண்ணீரிலும் அது இருக்கும். பிரித்தெடுத்த விழுதிலோ நஞ்சு செறிந்து கிடக்கும். அதைத்தான் அண்ணன் கோழிக்குப் போடப் பார்த்தார்.

கொதிக்க வைத்தாலும் மைக்ரோசிஸ்டின் அழியாது. செல் உடைந்து இன்னும் வெளியே வரும். மயில்துத்தம் போட்டுக் கொன்றாலும் அதே கதை. பிரேசிலில் கருவாரு நகரில் 1996-இல் இந்த நஞ்சு கலந்த தண்ணீர் டயாலிசிஸ் மெஷினுக்குள் போய் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கும் அளவுக்கு அது கொடியது.

அண்ணனிடம் ஒன்று செய்யச் சொன்னேன். கையுறை போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு குட்டைத் தண்ணீர் எடுத்து, ஓர் இரவு ஆட்டாமல் வைக்க வேண்டும். பச்சை அடியில் தங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே மிதந்தால் சந்தேகப்பட வேண்டும். இந்த பாக்டீரியாவுக்குள் மிதவைபோலக் காற்றுப் பைகள் உண்டு. நஞ்சு இருக்கிறதா இல்லையா என்பதைக் கண் சொல்லாது, ஆய்வகச் சோதனைதான் சொல்லும். ஆனால் அதுவரை ஆடு, நாய், பிள்ளைகள் யாரையும் கிட்டே விடக் கூடாது என்பதற்கு அந்தப் பாட்டில் போதும்.

மறுநாள் காலையில் போட்டோ வந்தது. பாட்டிலில் தண்ணீரின் மேல்மட்டத்தில் விரற்கடை அகலத்துக்குப் பச்சை வளையம், கீழே தெளிந்த தண்ணீர். இப்போது குட்டையைச் சுற்றி வேலி போட்டுவிட்டார், ஆடுகளுக்குக் குழாய்த் தண்ணீர். மெஷின் ஷெட்டில் சாக்கு மூடி நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர் விலை கேட்டிருக்கிறாராம், கிரீம் எடுக்க.