விவாகரத்துத் தீர்ப்பின் நகலை எங்கே, எப்படிக் கேட்பது?

இரண்டாம் திருமணத்தைப் பதிவு செய்ய சார்பதிவாளர் அலுவலகம் போனவர்களுக்குத் தெரியும். படிவத்தில் 'விவாகரத்து ஆனவர்' என்று எழுதியதும், "டைவர்ஸ் சர்ட்டிஃபிகேட் எங்கே?" என்பார்கள். வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்தால், வக்கீல் எப்போதோ கொடுத்த மங்கிய ஜெராக்ஸ் ஒன்று கிடைக்கும். பலருக்கு அதுவும் கிடைக்காது.

பிறப்புக்கும் இறப்புக்கும் திருமணத்துக்கும் இருப்பதுபோல், விவாகரத்துக்கென்று அரசு தரும் சான்றிதழ் எதுவும் நம் நாட்டில் கிடையாது. திருமணத்தை முறித்த நீதிமன்றம் பிறப்பித்த தீர்ப்பாணைதான் ஆதாரம். அதன் சான்றிட்ட நகலை, அதாவது நீதிமன்றம் முத்திரையிட்டுத் தரும் பிரதியைத்தான் எல்லா அலுவலகத்திலும் 'டைவர்ஸ் சர்ட்டிஃபிகேட்' என்கிறார்கள். எனவே தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். இ-சேவை மையம் வழியாகக் கிடைக்கும் 'கணவரால் கைவிடப்பட்டவர்' சான்று வருவாய்த் துறை தருவது. அது கையில் இருப்பதால் திருமணம் முறிந்ததாகிவிடாது. இரு வீட்டாரும் கூடிப் பேசி, பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கிய 'அத்துவிட்ட' காகிதமும் தீர்ப்பாணைக்கு ஈடாகாது. வழக்கப்படி தீர்த்துக்கொள்வதை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படியொரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு என்று நிரூபிக்கும் பாரம் சொல்பவர் தலையில்தான். ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்று செல்லாது, முஸ்லிம் பெண்கள் குடும்ப நல நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது.

சரி, எந்த நீதிமன்றம்? குடும்ப நல நீதிமன்றம் உள்ள ஊர் என்றால் அங்கே. சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அது இல்லாத ஊர்களில் இந்து திருமணச் சட்ட வழக்குகளை சார்பு நீதிமன்றம் விசாரிக்கும். உங்கள் வழக்கு என்றால் ஊர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பா அம்மாவின் பழைய வழக்கையோ, உங்களுக்குத் தெரியாமலே ஒருதலைப்பட்சமாக முடிந்துபோன வழக்கையோ தேடுகிறீர்கள் என்றால்தான் சிக்கல். அப்போது இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை வைத்து ஊர்களைச் சுருக்கலாம். திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி போட்ட வழக்கென்றால் 2003 திருத்தத்துக்குப் பிறகு அவர் வசிக்கும் ஊர். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில் அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால், வழக்கு நடுவில் வேறு ஊருக்கு மாற்றப்பட்டதா என்று பாருங்கள். கணவர் கோவையில் போட்ட வழக்கை, மனைவி உயர் நீதிமன்றத்தில் மனு கொடுத்து மதுரைக்கு மாற்றிக்கொள்வது சாதாரணமாக நடப்பது. மாறிய இடத்தில் வழக்குக்குப் புது எண் விழுந்திருக்கும்.

எண்தான் இதில் எல்லாமே. 'எச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்ட மனு) எண் இன்னது, ஆண்டு இன்னது' என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. கிறிஸ்தவர்கள் வழக்கில் 'ஐ.டி.ஓ.பி.' (இந்திய விவாகரத்துச் சட்ட மனு) என்று இருக்கும், சில நீதிமன்றங்களில் வெறும் 'ஓ.பி.' எண் தெரியாதவர்கள் நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ தேடலாம், கட்டணம் இல்லை. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரும் ஆண்டும் கொடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். ஒன்று, முடிந்த வழக்கைத் தேடும்போது 'நிலுவையில்' என்பதை விட்டுவிட்டு 'முடிந்தவை' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொன்று எழுத்துக்கூட்டல். பெயர்கள் ஆங்கிலத்தில்தான் ஏறியிருக்கும். 'லட்சுமி'யை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம், தட்டச்சு செய்தவர் எதை எழுதினாரோ! முழுப்பெயரை அடிக்காமல் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுங்கள். அதிலும் வராவிட்டால் எதிர்த்தரப்பின் பெயரில் தேடுங்கள். வழக்கு கிடைத்ததும் அந்த வழக்குக்கே உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று தெரியும், அதைக் குறித்துவைத்துக்கொண்டால் அடுத்த முறை நேரே அதற்குள் போய்விடலாம். தீர்ப்பையே தரவிறக்கிக் கொள்ளலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். குடும்ப வழக்குகளின் உத்தரவுகள் பெரும்பாலும் பொதுப்பார்வைக்கு வைக்கப்படுவதில்லை. அப்படியே கிடைத்தாலும் அதில் முத்திரை இருக்காது, எந்த அலுவலகத்திலும் எடுபடாது. கணினிக்கு வராத பழைய வழக்கென்றால் நீதிமன்றத்துக்கே போய்ப் பதிவேட்டைப் புரட்டச் சொல்ல வேண்டியதுதான்.

இனி நகல் மனு. நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், இரு தரப்புப் பெயர்கள், தீர்ப்புத் தேதி, என்ன நகல் வேண்டும் என்பதை எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். 'தீர்ப்புரை, தீர்ப்பாணை இரண்டும்' என்று மறக்காமல் எழுதுங்கள். தீர்ப்புரை என்பது நீதிபதி காரணங்களோடு எழுதியது. தீர்ப்பாணை என்பது இன்ன தேதியில் நடந்த திருமணம் கலைக்கப்படுகிறது என்ற முடிவைச் சொல்லும் தாள். ஒன்றை மட்டும் வாங்கிப்போய், மற்றது எங்கே என்று கேட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு. மனு எண் போட்டதும், எத்தனை நகல் தாள் (நகலை அச்சிட நாம் வாங்கித் தர வேண்டிய முத்திரைத் தாள்) கட்ட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் போடுவார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். வெளியூரில் இருப்பவர்கள் அங்குள்ள வக்கீலிடம் விடுவது நல்லது. அவருடைய குமாஸ்தா தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போவார்.

பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று உண்டு. விவாகரத்துத் தீர்ப்பாணையின் ஒரு நகலை இரு தரப்புக்கும் நீதிமன்றம் இலவசமாகத் தர வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23(4) பிரிவு சொல்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதே வாசகம் உண்டு. தீர்ப்பு வந்த உடனே அதைக் கேட்டு வாங்கிவிட்டால், பல வருடம் கழித்துப் பதிவேட்டைத் தூசி தட்ட வேண்டியிருக்காது.

நகல் கிடைத்ததும் முத்திரை இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். மனு செய்த நாள், தாள் கேட்ட நாள், தாள் கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாக இருக்கும். மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது நகலுக்காகச் செலவான நாட்களைக் கழிப்பது இதை வைத்துத்தான். ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

வழக்கில் இல்லாதவர் நகல் கேட்கலாமா? எதற்காக என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லி, நீதிமன்றம் சம்மதித்தால் கிடைக்கும். "பெண் பார்க்கிறோம், மாப்பிள்ளை உண்மையிலேயே டைவர்ஸ் ஆனவரா?" என்பது நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு எளிய வழி, மாப்பிள்ளையையே சான்றிட்ட நகலைக் கொண்டுவரச் சொல்வது. மண வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை. அவற்றின் விவரத்தை அச்சிட்டு வெளியிடுவது இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி குற்றம், 1,000 ரூபாய் வரை அபராதம். கிடைத்த நகலை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் சீக்கிரம் வரும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நீதிமன்ற ஆவண நகலுக்கு நீதிமன்ற விதிகளின்படிதான் மனு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் முடிவு சொல்லிவிட்டது.

கிறிஸ்தவர்களின் பழைய வழக்கைத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2001 திருத்தத்துக்கு முன், மாவட்ட நீதிமன்றம் கொடுத்த விவாகரத்தை உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது முழுமை பெறும். ஆகவே அந்தக் காலத்து வழக்குக்கு இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

மத்திய அரசு ஓய்வூதியரின் விவாகரத்தான மகள் குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போது, தீர்ப்புத் தேதியைப் போலவே மனு தாக்கலான தேதியும் முக்கியம். பெற்றோர் இருவரும் மறைந்த பிறகு விவாகரத்து கிடைத்திருந்தாலும், அவர்களில் ஒருவராவது உயிரோடிருந்தபோதே வழக்கு தாக்கலாகியிருந்தால் ஓய்வூதியம் உண்டு என்று 2017-இல் ஆணை வந்தது. நகலில் தாக்கல் தேதி தெளிவாக இல்லையென்றால், மூல மனுவின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

நகலுக்காக நீதிமன்றம் வரை போகிறீர்கள் என்றால் இன்னொரு மனுவையும் கொடுத்துவிட்டு வாருங்கள். வழக்கின்போது அசல் திருமணச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, போட்டோ எல்லாவற்றையும் சான்றாவணம் என்று எண் போட்டு வழக்குக் கோப்பில் சேர்த்திருப்பார்கள். மேல்முறையீட்டுக் கெடு முடிந்த பிறகு, ஆவணத்தைத் திரும்பக் கேட்கும் மனு போட்டால் அவற்றைத் தருவார்கள். பத்திரிகையும் போட்டோவும் யாருக்கும் வேண்டாமல் போகலாம். பள்ளிச் சான்றிதழின் அசலையும் வயதுக்கு ஆதாரமாகக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள் உண்டு.