மேட்டில் ஒரு கால், பள்ளத்தில் ஒரு கால்: கர்ப்ப கால இடுப்பு வலி

தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கிறவர் நிற்கும் நிலையைக் கவனியுங்கள். மேட்டுப் பக்கத்துக் கால் முட்டி மடங்கியிருக்கும், பள்ளத்துப் பக்கத்துக் கால் விறைத்து நீண்டிருக்கும். உடம்பின் பாரம் பெரும்பாலும் ஒரே காலில் இறங்கும். மற்ற நாளில் உடம்பு இதைத் தாங்கிக்கொள்ளும். ஐந்தாறு மாதக் கர்ப்பத்தில் அப்படியே நின்றால் தொடை இடுக்கில் சுருக்கென்று ஒரு குத்தல் வரும். பிட்டத்துக்கு மேலே குடைச்சல் எடுக்கும். நடக்கும்போது அடிவயிற்றுக்குக் கீழுள்ள முன்னெலும்பில் 'டக்' என்று சத்தம்கூடக் கேட்கும். வாயுப் பிடிப்பு, சூட்டு வலி என்று சொல்லி வீட்டில் தள்ளிவிடுவார்கள். ஆனால் இது வேறு வலி. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது, இதைக் குறைக்க வழியும் இருக்கிறது.

இடுப்புக்கூடு ஒரே எலும்பு அல்ல. இரண்டு பக்கமும் பெரிய இடுப்பெலும்புகள், பின்னால் அவற்றுக்கு நடுவே ஆப்பு அடித்தாற்போல முக்கோண வடிவில் திருவெலும்பு. அந்த ஆப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு மூட்டு. முன்னால், அடிவயிற்றுக்குக் கீழே, இரண்டு இடுப்பெலும்புகளும் ஒரு குருத்தெலும்பு வில்லையால் இணைகின்றன. ஆக மூன்று இணைப்புகள். மூன்றும் வளையம்போல் கட்டுண்டவை என்பதால் ஒன்றில் அசைவு மாறினால் மற்ற இரண்டும் அதைச் சுமக்க வேண்டும். முன்னால் வலிக்கும் பெண்ணுக்குப் பின்னாலும் வலிப்பது இதனால்தான்.

இந்த வளையத்தை இறுக்கிப் பிடிப்பவை இரண்டு. எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் அமைப்பும் தசைநார்களும் ஒன்று. அடிவயிறு, பிட்டம், இடுப்பின் அடித்தளம் ஆகிய இடங்களின் தசைகள் சுற்றிலும் கொடுக்கும் அழுத்தம் மற்றொன்று. கர்ப்பத்தில் முதலாவது கொஞ்சம் தளரும். முன்பக்க இணைப்பின் இடைவெளி சாதாரணமாக 4 முதல் 5 மி.மீ.; கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மி.மீ. கூடும். பிரசவத்துக்கு உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதே காலத்தில் வயிற்றுத் தசைகள் இழுபட்டு, இரண்டாவது பிடியும் வலுவிழக்கிறது.

"ரிலாக்சின் ஹார்மோன் எலும்பைக் கழற்றிவிடுகிறது" என்று பலரும் சொல்வது பாதிதான் உண்மை. அந்த ஹார்மோன் உச்சத்தில் இருப்பது முதல் மூன்று மாதத்தில். வலி பெரும்பாலும் வருவது அதற்குப் பிறகு. ரத்தத்தில் அது அதிகம் உள்ளவருக்கு வலியும் அதிகம் என்ற கணக்கும் சரியாக வருவதில்லை. வலியைக் கிளப்புவதில் பெரிய பங்கு, இரண்டு பக்கமும் சமமில்லாமல் அசைவதற்கு உண்டு. ஒற்றைக் காலில் நின்றால் மேலுடம்பின் பாரம் முழுக்க ஒரு பக்க மூட்டு வழியாக இறங்குகிறது. முன்னால் ஒரு எலும்பு மேலேயும் மற்றொன்று கீழேயும் உரச முயல்கிறது. ஆகவே படுத்த படுக்கையாகக் கிடப்பது மருந்து அல்ல. கிடக்கக் கிடக்கத் தசைகள் இன்னும் இளைக்கும். இரண்டு கால்களும் சேர்ந்து, சம பாரத்தோடு வேலை செய்ய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருவதே.

நீலகிரியில் இந்த விதியைக் கடைப்பிடிப்பது சுலபமில்லை. சம தரையே அரிது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் படி, குழாயடிக்குப் படி, கேரட் தோட்டத்தில் அடுக்கடுக்காக வரப்பு. படி ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதமும் சேர்ந்த பிறகே அடுத்த படி. சரிவின் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையில் நடையின் ஒவ்வொரு எட்டிலும் இடுப்பு ஒரு பக்கம் சாயும். தூரம் அதிகமானாலும் தார் ரோட்டைப் பிடித்துக் குட்டி எட்டாக நடப்பது மேல். பஸ்ஸில் ஏறும்போது இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கை தூக்கிப் போடும், நடு இருக்கையைக் கேளுங்கள். ஜீப்பிலோ காரிலோ முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, முட்டிகளைச் சேர்த்து இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்ப வேண்டும். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் உடம்பு வழுக்கித் திரும்பும்.

குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைப்பதை நிறுத்திவிடுங்கள். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோவும் ஒரே மூட்டில். மூத்த குழந்தையை ஒக்கலில் தூக்குவதும் அப்படித்தான். தண்ணீர் எடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு சின்ன வாளிகளில் பாதிப் பாதி, இரண்டு கையிலும். கம்பூட், பாவாடை, உள்ளாடை எல்லாம் உட்கார்ந்து போடுங்கள். நின்றுகொண்டு ஒரு காலைத் தூக்குவது இந்த வலிக்கு ஆகவே ஆகாது. தரையில் சம்மணம், குத்துக்கால், கால் மேல் கால் மூன்றும் வேண்டாம். இந்திய பாணிக் கழிப்பறையின் மேல் வைக்கும் துளையிட்ட நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கும்; பிரசவம் வரைக்கும் வாங்கிப்போட்டால் வீண் போகாது.

தோட்ட வேலையில் இருப்பவர்கள் மேஸ்திரியிடம் தயங்காமல் கேட்க வேண்டியது: சரிவில்லாத வேலை. நாற்றங்காலில் உட்கார்ந்து பைக்கு மண் நிரப்புவது அப்படி ஒன்று. கொழுந்துச் சாக்கை எடை போடும் இடத்துக்கு வேறொருவர் சுமக்கட்டும். எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முந்தைய ஒரு மாதத்தில், பெண் கேட்டுக்கொண்டால் கடின வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் கொடுக்கக் கூடாது என்பது 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே வந்த விதி. கேட்பது சலுகை இல்லை.

இரவில்தான் இந்த வலி அதிகம் அழவைக்கும். புரண்டு படுக்கும் அந்த ஒரு கணம். ஊட்டிக் குளிரில் இரண்டு கம்பளிக்கு அடியில் படுத்திருப்பவர் திரும்பும்போது தோள் முதலில் போகும், கம்பளியில் சிக்கிய கால்கள் பின்தங்கும், இடுப்பு முறுக்கிக்கொள்ளும். இப்படிச் செய்துபாருங்கள். முட்டிகளுக்கு நடுவே தலையணை, அது கணுக்கால் வரை நீளட்டும். இடுப்புக்குக் கீழே வழவழப்பான பாலியஸ்டர் சேலை ஒன்றை மடித்து விரியுங்கள். திரும்புமுன் கம்பளியைத் தளர்த்தி, முட்டியை மடக்கி, முட்டிகளை ஒட்டியபடி, மூச்சை விட்டுக்கொண்டே தோள், இடுப்பு, முட்டி மூன்றையும் ஒரே கட்டையாகத் திருப்புங்கள். எழும்போதும் பக்கவாட்டில் திரும்பி, கால்களைச் சேர்த்துக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். எழுந்தவுடன் நடக்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருங்கள். ஏழாம் மாதத்திலிருந்து மல்லாந்து தூங்க வேண்டாம், அது குழந்தைக்காகவும்.

குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்கும் பழக்கத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தாயையும் கருவையும் கொல்லக்கூடியது. சூடு வேண்டுமானால் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பின்னிடுப்பிலோ பிட்டத்திலோ 10, 15 நிமிடம் வைத்தால் போதும். வயிற்றின் மேல் வேண்டாம்.

இந்த வலிக்காக இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் உதவுமா என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். சற்று நேரம் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் ஒரு காலை 20 செ.மீ. உயரம் தூக்கிப் பாருங்கள். கல்லைக் கட்டியதுபோல் கனத்தால், இன்னொருவர் இரு பக்க இடுப்பையும் உள்ளங்கைகளால் உட்பக்கமாக அழுத்திப் பிடிக்கட்டும். இப்போது கால் லேசாக எழுந்தால், தசைகள் கொடுக்கத் தவறிய இறுக்கத்தை அந்தக் கைகள் கொடுத்துவிட்டன என்று பொருள், பெல்ட் பயன்படும். பெரும்பாலும் தவறுவது கட்டும் இடத்தில்தான். பிள்ளை பெற்றபின் வயிற்றைச் சுற்றித் துணி கட்டுவார்களே, அந்த இடம் இல்லை. வயிற்றுக்குக் கீழே, தொடை மேல்முனையின் எலும்பு பக்கவாட்டில் தட்டுப்படும் மட்டத்துக்குச் சற்று மேலே. நடக்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் கட்டி, உட்காரும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள். கட்டியதும் வலி கூடினால் அது உங்களுக்கு உதவாது.

தசைக்கு இரண்டு பயிற்சி போதும். முதலாவது, மூச்சை விட்டபடி சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டு 5 முதல் 10 வினாடி பிடித்துத் தளர்த்துவது. 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. இரண்டாவது, நாற்காலியில் உட்கார்ந்து முட்டிகளுக்கு நடுவே சுருட்டிய துண்டை வைத்து மெதுவாக 5 வினாடி அழுத்துவது. முன்னெலும்பில் வலி வந்தால் இரண்டாவதை விட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த வலி அப்போதே காட்டாது. பகலில் அதிகம் நடந்ததற்கு இரவில்தான் கணக்குத் தீர்க்கும். ஆகவே நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுக்கொள்ளாதீர்கள். பாட்டிமார் பிட்டத்தில் எண்ணெய் தேய்த்து இதமாக நீவிவிடலாம். காலைப் பிடித்துச் சொடுக்கி இழுப்பது கூடாது.

மாத்திரையில் மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். குறிப்பாக 20 வாரத்துக்குப் பின் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். 'வெறும் தைலம்தானே' என்று நினைக்கும் வலிக் களிம்புகள் பலவற்றிலும் டைக்ளோஃபெனாக் உண்டு.

இடுப்பு வலி என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்து நீர் கசிவது, வயிறு விட்டுவிட்டு ஒழுங்காக இறுகுவது, இறுகிய வயிறு தளராமலே இருப்பது, குழந்தை அசைவு குறைவது, காய்ச்சலோடு நீர்க்கடுப்பு, ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலிப்பது, தொடை இடுக்கு மரத்துப்போய் மலசலம் அடக்க முடியாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் 108. மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும் என்பதால், பொழுது விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

இந்த வலிக்காக மட்டும் சிசேரியன் தேவைப்படுவதில்லை. எட்டாம் மாதத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலியில்லாமல் முட்டிகளை எவ்வளவு அகட்ட முடிகிறது என்று டேப்பால் அளந்து, அந்த எண்ணைத் தாய்-சேய் அட்டையில் எழுதிவையுங்கள். வலி மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் கால் அளவுக்கு மீறி அகட்டப்படுவது தாய்க்கே தெரியாது. அப்போது இந்த எண்தான் அவருக்காகப் பேசும். ஒருக்களித்தோ, கை முட்டி ஊன்றியோ பிரசவிக்க முடியுமா என்று நர்ஸிடம் முன்பே கேளுங்கள். மல்லாந்து கால்களைத் தூக்கி வைக்க நேர்ந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கி, ஒரே நேரத்தில் இறக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் வலி அடங்கும். அதுவரை படி, குடம், படுக்கை விதிகளை விடாதீர்கள். மூன்று மாதம் கழித்தும் நொண்டல் இருந்தால் பிசியோதெரபியைக் கேட்டுப் பெறுங்கள். தொட்டிலையும் துணிக்கூடையையும் இடுப்பு உயரத்துக்கு வையுங்கள். பச்சைப்பிள்ளையை ஒரு நாளில் எத்தனை முறை தூக்கி இறக்குகிறோம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்த உயரத்தின் அருமை தெரியும்.