நான்கு துறைக்கு 28 லைசென்ஸா, 18 லைசென்ஸா?

பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் கேட்கிறார்: "மெக்கானிக்கல், சிவில், ஏரோ, ஆட்டோமொபைல் என்று நான்கு துறையும் ஒரே சிமுலேஷன் மென்பொருளைத் தனித்தனியாக வாங்கப் பார்க்கிறார்கள். பொதுவாக ஒரு லைசென்ஸ் சர்வர் வைத்தால் செலவு குறையும் என்கிறேன். ‘அப்புறம் எங்கள் பசங்களுக்குக் கிடைக்காமல் போனால்?’ என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?"

முதலில் சர்வரின் வேலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மேட்லேப், ஆன்சிஸ் போன்ற மென்பொருள்கள் ஃபிளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் மேலாளரை நம்பியிருக்கின்றன. மென்பொருளைத் திறப்பவருக்கு அது ஒரு லைசென்ஸைக் கொடுக்கும், மூடியதும் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும். விற்பவர் தரும் லைசென்ஸ் கோப்பு வெறும் டெக்ஸ்ட் கோப்புதான். முதல் வரியில் சர்வரின் பெயர், பெரும்பாலும் அதன் மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்), போர்ட் எண் (மற்ற கணினிகள் வந்து சேரும் வாசல் எண்). கீழே எந்த வசதி, எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரை என்ற விவரம். கூடவே டிஜிட்டல் கையொப்பம். 10 என்பதை 100 என்று திருத்தினால் கையொப்பம் பொருந்தாது, சர்வர் மறுத்துவிடும்.

சர்வரில் ஓடுவது இரண்டு நிரல்கள். முதலாவது வருகிறவரை விசாரித்து இரண்டாவதிடம் அனுப்பும். லைசென்ஸை எண்ணிக் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் அந்த இரண்டாவது. அதற்கென்று போர்ட் எண் எழுதிவைக்காவிட்டால் தொடங்கும்போதெல்லாம் ஏதோ ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். "சர்வர் ஓடுகிறது, ஆனால் மாணவர் கணினி சேரவில்லை" என்ற புகாருக்குப் பல இடங்களில் இதுதான் காரணம். கோப்பில் அதற்கும் ஒரு போர்ட் எண்ணைப் போட்டு, ஃபயர்வாலில் இரண்டையும் திறந்துவிடுங்கள்.

சரி, இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. டென்மார்க்கின் அக்னர் கிராரப் எர்லாங் என்ற கணிதவியலாளர் 1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். ஊரில் எத்தனையோ பேரிடம் தொலைபேசி இருக்கிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசப்போவதில்லை, அப்படியானால் எத்தனை இணைப்புக் கம்பிகள் போட்டால் போதும்? 1917இல் அவர் வெளியிட்ட சூத்திரம் இன்றும் அப்படியே பயன்படுகிறது. கம்பி இருக்கும் இடத்தில் லைசென்ஸை வைத்தால் போதும்.

ஒரு துறையில் 20 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மென்பொருளைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேர வேலைநாளில் மொத்தம் 20 மணி நேரப் பயன்பாடு. எந்த நொடியில் எட்டிப்பார்த்தாலும் சராசரியாக 2.5 பேர் உள்ளே இருப்பார்கள். இதைச் சுமை என்போம். இதன் அலகுக்கே எர்லாங் என்றுதான் பெயர்.

இனி கணக்கு. லைசென்ஸே இல்லையென்றால் கேட்பவர் அனைவருக்கும் மறுப்புதான். மறுப்பு வாய்ப்பு 1. ஒரு லைசென்ஸ் இருந்தால்? சுமையை முந்தைய விடையால் பெருக்குங்கள்: 2.5. அதை, லைசென்ஸ் எண்ணிக்கையோடு அதே 2.5ஐக் கூட்டி வரும் 3.5ஆல் வகுங்கள்: 0.71. இரண்டு லைசென்ஸுக்கு அந்த 0.71ஐ வைத்து அதே வேலை: 1.79ஐ 3.79ஆல் வகுத்தால் 0.47. இப்படியே போனால் ஏழாவது படியில் 0.01 வரும். அதாவது 7 லைசென்ஸ் வாங்கினால் 100 தடவை திறக்கும்போது ஒரு தடவைதான் "இல்லை" என்று வரும். நான்கு துறைக்கும் சேர்த்து 28.

இப்போது எல்லாரையும் ஒன்றாகச் சேர்ப்போம். சுமை 10. அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 18 லைசென்ஸிலேயே மறுப்பு வாய்ப்பு 0.007க்கு வந்துவிடுகிறது. பத்து லைசென்ஸ் மிச்சம், மாணவர்களுக்கும் முன்பைவிட நல்ல சேவை!

எப்படி? நாம் லைசென்ஸ் வாங்குவது சராசரிக்காக மட்டுமல்ல, திடீரென்று கூடும் கூட்டத்துக்காகவும்தான். தனித்தனியாக வரும் ஆட்களின் ஏற்ற இறக்கம் சுமையின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்கிறது. சுமை நான்கு மடங்காகும்போது ஏற்ற இறக்கம் இரண்டு மடங்குதான் ஆகிறது. சிவிலில் கூட்டம் நெரியும் நேரத்தில் ஏரோவில் ஆள் குறைவாக இருக்கலாம். தனித்தனியாக வாங்கினால் துறைக்கு 4.5 வீதம் 18 லைசென்ஸ் உபரியாகக் கிடக்கும். சேர்த்து வாங்கினால் 8 போதும். இன்னொரு அழகும் உண்டு: ஒருவர் பத்து நிமிடமும் இன்னொருவர் ஐந்து மணி நேரமும் எடுத்தாலும் சூத்திரம் கவலைப்படுவதில்லை. சராசரி நேரம் மட்டும் தெரிந்தால் போதும். எனக்கு இந்தச் சூத்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் ஆட்கள் ஒருவரையொருவர் சாராமல் வருகிறார்கள் என்பது இதன் அடிப்படை. புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் அது உடைந்துபோகும். நான்கு துறைக்கும் ஒரே கடைசித் தேதி வைக்காமல் ஒரு வாரம் தள்ளித்தள்ளி வைத்தாலே பாதி நெருக்கடி தீரும். துறைத்தலைவர்களின் பயத்துக்காக ஆளுக்கு 4 லைசென்ஸ் ஒதுக்கிப் பூட்டாதீர்கள்; பொதுவில் 2தான் மிஞ்சும், சேர்த்ததன் பலனே போய்விடும். அதற்குப் பதிலாக எந்தத் துறையும் 9க்கு மேல் எடுக்க முடியாது என்று, யாருக்கு எவ்வளவு என்ற விதிகளை சர்வருக்குச் சொல்லும் ஆப்ஷன்ஸ் கோப்பில் உச்சவரம்பு வைக்கலாம். மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவரின் லைசென்ஸைத் திரும்ப வாங்கவும் அதே கோப்பில் வழியிருக்கிறது, அந்த மென்பொருள் அனுமதித்தால்.

இந்த வீணடிப்புக்குத் துறைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் ஆராய்ச்சி நிதி திட்டம் திட்டமாக, ஆளாளுக்குத் தனிக் கணக்காக வருகிறது. வாங்கியது அந்தத் துறையின் இருப்புப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். ஆய்விதழ்களுக்கு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று மத்திய அரசு 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. மென்பொருளுக்கும் அப்படியொரு ஏற்பாடு கட்டாயம் வேண்டும். குறைந்தபட்சம் ஒரு பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளாவது சேர்ந்து பேரம் பேசலாம். லைசென்ஸை ஒரே வளாகத்துக்குள்தான் பயன்படுத்தலாம் என்று பல ஒப்பந்தங்கள் கட்டுப்படுத்துவதால், அந்தப் பேச்சு வாங்கும் முன்பே நடக்க வேண்டும்.

வாசகருக்கு என் யோசனை: 2.5 என்பது நான் எடுத்துக்கொண்ட எண், உங்கள் எண் வேறாக இருக்கும். சோதனை லைசென்ஸோ பழைய லைசென்ஸோ இருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிளெக்ஸ்நெட்டின் எல்எம்ஸ்டாட் (lmstat) கட்டளையை ஓடவிட்டு, எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒரு மாதம் சேமியுங்கள். இரவையும் விடுமுறையையும் நீக்கிவிட்டுச் சராசரி எடுங்கள். சர்வர் பதிவில் மறுக்கப்பட்டவர்களின் கணக்கும் இருக்கும். அது அதிகமென்றால் உண்மையான சுமை சராசரியைவிடக் கூடுதல். அந்த எண்ணை ஒரு எக்செல் தாளில் மேலே சொன்ன படிகளில் போட்டு, நான்கு துறைத்தலைவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுங்கள்.